கண்ணாடி போட்ட நாய்

"ரப்பர் வெல விழுந்துபோச்சாம். அதனால நம்ம கூலியக் கொறச்சாங்களாம். துரை பங்களாவுல பிஸ்கோத்து கொறஞ்சிச்சா?"

கேட்டவள் காளியம்மா. நேற்றுவரை, காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்க மட்டுமே வாய் திறந்தவள்.

"அதானே! வெல ஏறினப்ப நமக்கு ஏத்தினாங்களா?" என்றான் லெட்சுமணன்.

எல்லாம் அந்தப் படத்தால் வந்தது. விடியும்போது ஸ்டோர் சுவரில் இருந்தது. கரியும் சுண்ணாம்பும். ஒரு ரப்பர் மரம். மரத்துக்குப் பெண்ணின் முகம். அடியில் பிதுங்கிய கண்ணும் கோரைப் பல்லுமாக ஒரு பூதம், பால் கோப்பையை வாயில் கவிழ்த்துக்கொண்டிருந்தது. பூதத்தின் காலில் பூட்ஸ். பூட்ஸை நக்கிக்கொண்டு ஒரு நாய். நாய்க்கு மூக்குக்கண்ணாடி.

தோட்டத்தில் கண்ணாடி போட்டவர் கணக்கெழுதும் கிரகோரி கிராணி ஒருவர்தான். கொஞ்சம் பிந்தி வந்தாலும் பேர் போடாமல் லயத்துக்குத் திருப்பி அனுப்புகிறவர்.

அவரே வந்துவிட்டார். படத்தைப் பார்த்தார். நாயைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார்.

"தண்ணி ஊத்தி அழிங்க! சீக்கிரம்!"

"ஐயாவுக்குத் தன் மூஞ்சி பிடிக்கல போல," என்று பின்னால் யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் துரையின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

புதுத் துரை. கப்பலிலிருந்து இறங்கி ஒரு மாதம்தான். தமிழும் வராது, மலாயும் வராது. பிரம்பை நீட்டிக் கிராணியிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார்.

எழுதியது யார் என்று எல்லோருக்கும் தெரியும். மாரியம்மன் கோயில் சுவரில் சிங்கத்தை எழுதிய ஐயாசாமியின் கைதான் இது. அவனுக்கு வேலை போனால் லயத்து வீடும் போகும். நிறைமாதமாக நிற்கிற அவன் பெண்டாட்டி செல்லம் எங்கே போவாள்?

துரையின் பிரம்பு பூதத்தைத் தொட்டது. பூட்ஸைத் தொட்டது. நாயின் கண்ணாடியில் வந்து நின்றது. துரை திரும்பிக் கிராணியின் முகத்தைப் பார்த்தார்.

கிராணி கண்ணாடியைக் கழற்றி, கோட்டு நுனியில் துடைத்தார். பிறகு மெதுவாக, வெகுநேரம் பேசினார்.

"ஐயாசாமி, முன்னால வா."

செல்லம் புருஷனின் கையை இறுகப் பிடித்தாள். அவன் விடுவித்துக்கொண்டு போனான்.

"காட்டிக் குடுத்துட்டான் பாவி!" காளியம்மா காறித் துப்பினாள். "கண்ணாடி மட்டுமா, வாலும் இருக்கு அவனுக்கு."

கிராணியின் காதில் விழுந்திருக்கும். அவர் திரும்பவில்லை.

துரை ஐயாசாமியை ஏற இறங்கப் பார்த்தார். கிராணியிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

"கரி, சுண்ணாம்பு எல்லாம் எடுத்துக்க. பங்களாவுக்கு நட," என்றார் கிராணி.

"போலீஸ் வருதுங்களா ஐயா?"

"நடன்னு சொன்னேன்."

செல்லத்தின் அழுகை கொஞ்சதூரம் கூடவே வந்தது. மரங்களுக்குள் நுழைந்ததும் கேட்கவில்லை.

"ஐயா, என்னை என்ன வேணா செய்ங்க. அவளுக்குப் பிள்ள பொறக்கறவரைக்கும் வீட்ட மட்டும்…"

"கண்ணு படாம இருக்க எழுதுற படம்னு துரைகிட்ட சொல்லியிருக்கேன். தோட்டத்துக்கு ரொம்ப நல்லதுன்னேன். பங்களா வாசல்லயும் ஒண்ணு வேணுமாம்."

ஐயாசாமி நின்றுவிட்டான்.

"அந்த… நாயி?"

"யாருன்னு கேட்டாரு. நான்தான், காவல் நாயின்னு சொன்னேன்."

கிராணி நடந்துகொண்டே இருந்தார். குரல் மட்டும் பின்னால் வந்தது.

"அங்க எழுதும்போதும் கண்ணாடிய விட்டுடாத. அவருக்குச் சந்தேகம் வந்துடும்."