கரும்பலகையின் மூலை

‘யெட்’ என்ற ஆங்கிலச் சொல்லை சகாயம் டீச்சர் மூன்றாம் முறையாக விளக்கினாள். “இன்னும் வரல, ஆனா வரும்னு காத்திருக்கிறப்ப போடுறது.”

பஸ் இன்னும் வரல என்றார்கள் பிள்ளைகள். மழை இன்னும் வரல. வகுப்புத் தலைவி பொன்னரசி எழுந்தாள். “குபேந்திரனும் இன்னும் வரல. அவனுக்குப் போடலாமா டீச்சர்?”

செங்கல் சூளை வேலை முடிந்து அவன் வீட்டார் எங்கோ போய் ஐந்து மாதமாகிறது. பதிவேட்டிலிருந்து அவன் பெயரை நீக்கும்படி தலைமையாசிரியர் இருமுறை சொல்லிவிட்டார். கரும்பலகை மூலையில் பொன்னரசி அன்றும் எழுதியிருந்தாள்: பதிவு 24, வருகை 23.

“எத்தன மாசம் வரைக்கும் போடலாம் டீச்சர்?”

“உக்காரு.”

டீச்சர் டஸ்டரை எடுத்துப் பலகை முழுவதையும் அழித்தாள், அந்த மூலையைத் தவிர.