வாசலில் வைத்த தொட்டி

ஆக்ஸ்ஃபோர்டில் அன்று பெற்றோர் கல்லூரியைச் சுற்றிப் பார்க்கும் நாள். வழிகாட்டியாக வந்த மாணவன் கிரிஸ்பினை ஓர் அம்மாள் கேள்விகளால் துளைத்தெடுத்தார்.

"டர்ஹாம் யுனிவர்சிட்டில முதல் வருஷப் பிள்ளைங்க நிறைய பேர் ரூமுக்கு ரெண்டு பேரா இருப்பாங்க. இங்கே?"

"ஆளுக்கொரு ரூம்ங்க! அதுதானே எங்க பெருமை."

"ஒருத்தன் சாப்பிட வரலைன்னா யாருக்குத் தெரியும்?"

"அது அவன் பாடு. குப்பைத் தொட்டியை ரூம் வாசல்ல வெச்சுட்டா, தொந்தரவு பண்ணாதீங்கன்னு அர்த்தம்; கூட்டறவங்ககூட உள்ளே வர மாட்டாங்க."

"எத்தனை நாள் அப்படியே இருந்தா கதவைத் தட்டுவாங்க?"

கிரிஸ்பினின் சிரிப்பு மறைந்தது. ஆறாவது படிக்கட்டை ஒட்டிய தன் அறை வாசலில், வீட்டு ஏக்கத்தில் யாரையும் பார்க்கப் பிடிக்காமல் அவன் வைத்த தொட்டி ஒன்பது நாளாக வெளியேதான் இருந்தது. யாரும் தட்டவில்லை.

"உங்க பையன் என்ன படிக்கப் போறான்?" என்று பேச்சை மாற்றினான்.

"பையனா? நான் டர்ஹாம்ல பதினோரு வருஷம் ரூம் கூட்டினவ தம்பி. திங்கட்கிழமையிலேருந்து இங்கே வேலை, ஆறாவது படிக்கட்டு ரூம்ங்க. இந்த இடத்து வழக்கம் தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன். தொட்டி வெளியே இருந்தாலும் நான் தட்டுவேன். தப்பா?"

"இல்லைங்க..."

திங்கட்கிழமை விடிந்ததும் கிரிஸ்பின் தொட்டியை உள்ளே எடுத்து வைத்தான். பிறகு, இரண்டு கோப்பைத் தேநீருக்குத் தண்ணீர் வைத்தான்.