பிலாத்து வேஷம்

"இந்த வருஷம் பிலாத்து வேஷம் எனக்கு வேண்டாம், யேசுதாசன்," என்றேன்.

"ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர் நீங்க. அந்த மிடுக்கு வேற யாருக்கு சார் வரும்?" என்றார், எங்கள் தாம்பரம் கோயிலில் பெரிய வெள்ளி நாடகம் போடுகிறவர்.

திரைக்குப் பின்னாலிருந்து ஒருவர் வேத வசனத்தில் 'கலகம்' என்று வாசித்ததும், நான் பயந்துபோய் இயேசுவைக் கூட்டத்திடம் ஒப்படைத்துவிட்டுக் கை கழுவ வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்டாலே நான் ஓரடி பின்வாங்கிவிடுவேன். நடிப்பு பிரமாதம் என்பார்கள்.

தண்ணீர் ஊற்றுவது செல்வமேரி அக்கா. அனகாபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா சார்?" என்று வருஷா வருஷம் மெதுவாகக் கேட்பார்.

"வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு?" என்று யேசுதாசனிடம் எரிந்து விழுந்தேன்.

"நானா சார் உங்களைப் போடுறேன்? அஞ்சு வருஷமா செல்வமேரி அக்காதான் உங்களுக்கே குடுக்கணும்னு கேக்கறாங்க. செத்துப்போன அவங்க பையன் சவுரிமுத்துக்காகவாம்."

எண்பத்துமூன்றாம் வருஷம், சங்கிலித் திருடனை எங்களிடம் ஒப்படை என்று ஒரு கூட்டம் என் ஸ்டேஷனைச் சூழ்ந்தது. லாக்கப்பைத் திறந்துவிட்டவன் நான். 'கலகத்தில் இறந்தான் சவுரிமுத்து, வயது இருபது' என்று எழுதியவனும் நான். சங்கிலி மறுநாள், திருட்டுப்போனதாகப் புகார் கொடுத்த வீட்டுப் பரணிலேயே கிடைத்தது. பிணத்தை வாங்க வந்த தாயின் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மேடையில் அந்த முகத்தை முதன்முறையாகப் பார்த்தேன்.

செல்வமேரி அக்கா சொம்பைச் சாய்த்தார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா சார்?"