கரண்ட் போய் வந்த பிறகு

மதியத்திலேயே இருட்டிக்கொண்டு மழை பெய்கிறது. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் சுவரில், ஜோமோள் சோப்பு டப்பாவுக்குள் பொருத்திய சின்னக் கருவி பச்சை விளக்கை மினுக்குகிறது. உலர்த்தும் அறையின் சூடு ஐம்பத்தைந்து டிகிரியைத் தாண்டினால் அது அலற வேண்டும். இல்லையென்றால் காயின் பச்சை நிறம் போய்விடும். அதில் ஓடுவது இணையத்தில் யாரோ இலவசமாகப் போட்டுவைத்த மென்பொருள். விளக்கம் ஒரே வரி: இணையுங்கள், ஓடும். கரண்ட் போய் வந்தால் அந்த ஐம்பத்தைந்து அதற்கு நினைவிருக்குமா என்று எழுதியவரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, தட்டிய கேள்வியை இரண்டு முறை அழித்துவிட்டாள். “ஓசியில குடுத்தவன் உக்காந்து வெளக்கமா எழுதுவானாக்கும்?” அடுப்பில் விறகு தள்ளும் மத்தியாஸ் சிரிக்கிறார். “இத நம்பி நான் சோறு திங்கப் போலாமா, சொல்லு புள்ள.” சட்டென்று பல்பு அணைகிறது. விசிறி ஓய்ந்து, தகரக் கூரையில் மழை மட்டும் கேட்கிறது. பச்சை விளக்கும் இல்லை. அடுப்பின் செந்தணல் மட்டும் எரிகிறது. சற்று நேரத்தில் விசிறி முனகிச் சுழல்கிறது. சோப்பு டப்பா இருட்டாகவே இருக்கிறது. ஜோமோள் மூச்சை அடக்கி நிற்கிறாள். பிறகு பச்சை மினுக்குகிறது. அவள் கைப்பேசியில் எண்கள் வருகின்றன: சூடு 52, எல்லை 55. அவள் ஆணியில் தொங்கும் தூக்குவாளியை எடுத்து அவரிடம் நீட்டுகிறாள். “போங்கண்ணே, சோறு ஆறுது.”