ஒன்று புள்ளி நான்கு

பைக் சீட்டின் மேல் இரண்டு ஸ்கேன் ரிப்போர்ட்டுகளையும் பக்கத்துப் பக்கத்தில் விரித்து, காற்றில் பறந்துவிடாமல் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டான் முஜீப் ரஹ்மான்.

வீடு போய்ச் சேரும்வரை அவனுக்குப் பொறுக்கவில்லை. உப்பளத்தை ஒட்டிய டீக்கடை எதிரிலேயே வண்டியை நிறுத்திவிட்டான்.

அவன் மனைவி கரீமா அவன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்று மாதத்துக்கு முன்பு எடுத்த ஸ்கேனில், அவள் மார்பில் இருந்த கட்டியின் அளவு 9. இன்று எடுத்ததில் 1.4.

"ஒம்போதுலேர்ந்து ஒண்ணு புள்ளி நாலுக்கு வந்துடுச்சு கரீமா. அல்ஹம்துலில்லாஹ்! கரைஞ்சிக்கினே வருது பாரு."

அவள் தலையாட்டினாள்.

ஒன்பதுக்குப் பக்கத்தில் இருந்த பொடி எழுத்துகள் மில்லிமீட்டர் என்றன. ஒன்று புள்ளி நான்குக்குப் பக்கத்தில் இருந்தவை சென்டிமீட்டர் என்றன. ஆங்கிலத்தில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

ஆரோவில்லில் பை தைக்கும் யூனிட்டில் ஏழு வருடமாகத் துணி வெட்டுகிறவள் அவள். பத்து மில்லிமீட்டர் ஒரு சென்டிமீட்டர் என்பதை யோசிக்க வேண்டியதே இல்லை, கை சொல்லும். ஒன்று புள்ளி நான்கு என்றால் பதினான்கு மில்லிமீட்டர்.

ஒன்பது, பதினான்காகியிருக்கிறது.

வெட்டுவதில் ஐந்து மில்லிமீட்டர் பிசகினால் அங்கே மொத்தத் துணியையும் ஒதுக்கிப் போட்டுவிடுவார்கள்.

குறைந்திருந்தால் பயமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். வளர்ந்திருந்தால் ஊசியால் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், ஆபரேஷன் வரைக்கும் போகலாம் என்றார். டாக்டரைப் பார்க்கப் போவது திங்கட்கிழமை.

வேலைக்காக முஜீப் சவூதியின் தம்மாமுக்கு விமானம் ஏறுவது நாளைக்குச் சாயங்காலம்.

அவன் விரல் காகிதத்தின் மேல் நகர்ந்தது. எண்ணைத் தாண்டி, எழுத்துகளுக்கு அருகில் போய் நின்றது. கரீமா துப்பட்டாவின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, அளவெல்லாம் நீதான் கரெக்டா பாப்ப. நான் சரியாத்தானே பாத்தேன்?"

உப்பு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று அவர்களை உரசுவதுபோல் கடந்தது. அது போய் மறையும்வரை அவளுக்கு அவகாசம் கிடைத்தது.

அவன் அத்தா படுக்கையில் விழுந்தபோது, லீவு முடிந்தும் இவன் சவூதிக்குத் திரும்பிப் போகவில்லை. அந்த விசா போனது. பிறகு இரண்டு வருடம் இதே உப்பளத்தில் மூட்டை தூக்கினான். பாதம் பாளம் பாளமாக வெடித்து, தொழுகைக்கு முன் ஒளுச் செய்யத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வான். போன வாரம்தான் புது விசா வந்தது.

தெரிந்தால் நாளைக்கு விமானம் ஏற மாட்டான். அது அவளுக்கு நிச்சயம்.

ஏறிப் போய்விட்டால், திங்கட்கிழமை அந்த டாக்டரின் எதிரில் அவள் தனியாக உட்கார வேண்டும். அதை நினைத்தபோது, இவனே கண்டுபிடித்துவிட மாட்டானா என்றும் ஒரு கணம் ஏங்கினாள்.

"சரியாத்தாங்க பாத்தீங்க" என்றாள்.

அவன் சிரித்தபடி ரிப்போர்ட்டுகளை மடித்து அவள் பையில் வைத்தான். நல்ல சேதியை ஊருக்கெல்லாம் சொல்ல போனை எடுத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தான்.

அன்று காலையில், அவன் வாசலில் வண்டியோடு காத்திருந்தபோது, ஸ்கேன் சென்டரில் அவள் கைக்கு முதலில் வந்த ரிப்போர்ட்டில் 14 என்றுதான் இருந்தது, மில்லிமீட்டரில். வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அதைத் திருப்பி நீட்டி, சென்டிமீட்டரில் போட்டுத் தரும்படி கேட்டவள் கரீமாதான்.

"ரெண்டும் ஒண்ணுதானேக்கா" என்றபடி, கவுண்டரில் இருந்த பெண் மாற்றி அச்சடித்துக் கொடுத்தாள்.