முதல் மடக்கு

குடியை விட்டவர்களின் கூட்டம் எங்கே நடக்கிறது என்று அமுகே கேட்டதும், சோரோட்டி சாலைச் சந்தையில் தக்காளி விற்கும் அபோலோட்டுக்குத் திடீரென்று காது அடைத்துக்கொண்டது.

அமுகே விடவில்லை. குனிந்து, அவள் முகத்துக்கு நேராக இன்னொரு தரம் கேட்டாள்.

அப்படி ஒரு கூட்டமே இந்த ஊரில் இல்லை என்று தக்காளியைப் பார்த்துச் சொன்னாள் அபோலோட்.

"கூட்டமே இல்லன்னா, ஞாயித்துக்கிழமை தவறாம உன் வீட்டுக்காரன் துவைச்ச சட்டையை மாட்டிக்கிட்டு எங்கடி போறான்? பொண்ணு பாக்கவா?"

பக்கத்துக் கடைக்காரிகள் சிரித்துவிட்டார்கள். அபோலோட் ஒரு தக்காளியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

பைக் டாக்சி நிறுத்தத்திலும் இதே கதைதான். மற்ற நாட்களில் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்கிறவர்கள், இன்று ஆளுக்கொரு டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உபதேசியாரின் மனைவி மட்டும் வழி சொன்னாள். அந்த வழியில் போனால் மாட்டாஸ்பத்திரி வந்தது.

அமுகேவுக்குக் கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. ஊரே சேர்ந்து ஒருத்தியிடம் ஒரு விஷயத்தை ஒளிக்கிறதென்றால் அவளும் லேசுப்பட்டவள் இல்லை என்றுதானே அர்த்தம்.

ஆனால் இன்று கண்டுபிடித்தே ஆக வேண்டும். காலையில் குடித்த வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, இனித் தொடுவதில்லை என்று முடிவெடுத்துக் கிளம்பியவள் அவள். இருட்டிவிட்டால் அந்த முடிவு நிற்காது. தன்னைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும். தனியாக முடியாது. ஏற்கெனவே விட்டவர்கள் நாலு பேர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கடலை மில்லுக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கு. அதன் சுவரில் சைக்கிள்கள் வரிசையாகச் சாய்ந்திருந்தன.

அமுகே நின்றாள். கைப்பிடியில் சிவப்புத் துணி சுற்றியது, பெடல் ஒன்று போனது, சீட்டுக்குப் பதில் சாக்கைக் கட்டியது. எது யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள். இனி யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை.

கதவைத் தட்டாமலே உள்ளே போனாள்.

பேச்சு நின்றது. ஒருவன் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டான். துவைத்த சட்டையில் இருந்த அபோலோட்டின் கணவன், எட்டிக் குதிக்கலாமா என்பதுபோல ஜன்னலைப் பார்த்தான்.

கூட்டத்தை நடத்துகிற கறிக்கடை எமாசிட் எழுந்து வந்து வழியை மறித்தான்.

"அமுகே, இவங்க யாரும் திரும்ப உன் பானைக்கு வரமாட்டாங்க. வீணா கூப்பிடாத. போயிடு."

அவன் பயந்ததில் தப்புச் சொல்ல முடியாது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் கேழ்வரகு பீர் போடுவதில் அமுகேவை மிஞ்ச ஆள் கிடையாது. அங்கே இருந்த அத்தனை பேரும் அவள் முற்றத்துப் பானையைச் சுற்றி உட்கார்ந்து, நீளக் குழலால் உறிஞ்சிக் கெட்டவர்கள்தான். அந்தச் சைக்கிள்கள் எல்லாம் அவள் வீட்டுச் சுவரில் சாய்ந்து கிடந்தவைதான்.

"கூப்பிட வரல. சேர வந்திருக்கேன்."

யாரும் நம்பவில்லை. பின்னாலிருந்து ஒருவன் சிரித்தே விட்டான்.

அமுகே அசரவில்லை. பானையைத் திறந்ததும் முதலில் குழலை வாயில் வைப்பது யார் என்று கேட்டாள். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். விஷம் எதுவும் கலக்கவில்லை என்று காட்ட, வந்தவர்கள் கண்முன்னால் பீர் போட்டவள்தான் முதலில் குடிக்க வேண்டும். நீங்கள் எல்லாம் ஒரு பானையோடு எழுந்து வீட்டுக்குப் போனீர்கள், நான் உங்களுக்காக ஒவ்வொரு பானையிலும் குடித்தேன் என்றாள்.

பிறகு எமாசிட் பக்கம் திரும்பினாள்.

"இன்னிக்குக் காலையில முத்தத்துல ஒருத்தரும் இல்ல. யாருக்கும் எதையும் காட்ட வேண்டியதில்ல. ஆனாலும் குடிச்சேன், எமாசிட். பானை பாதியாகுற வரைக்கும் குடிச்சேன்."

சொல்லும்போது அவமானமாக இருந்தது. சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. ஆனாலும் தலையைக் குனியவில்லை. வெளியே போகச் சொன்னாலும் போவதாக இல்லை.

சிரித்தவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அபோலோட்டின் கணவன் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான்.

எமாசிட் மூலையிலிருந்த கெட்டிலை எடுத்து ஒரு தகரக் கோப்பையில் டீ ஊற்றினான். அமுகே கையை நீட்டினாள். அவன் உடனே தரவில்லை.

எல்லாரும் பார்க்க அதில் முதல் மடக்கைத் தானே குடித்தான். பிறகு அவள் கையில் கொடுத்தான்.