புது வில் பூட்டிய லொறி

"மூட்டை ஏத்தாம லொறி வெளிக்கிடாது, தம்பி!"

பக்கீர் முதலாளியின் வாயிலிருந்து வந்த அந்தச் சொல் சீனித்தம்பியின் நெஞ்சிலே தணல் துண்டாய் விழுந்தது.

"காக்கா, என்ட பொஞ்சாதி விடியத் தொடக்கம் நோவில கிடந்து துடிக்கிறா. புள்ள குறுக்கால கிடக்காம். புளியந்தீவு ஆசுபத்திரிக்குக் கொண்டு போனாத்தான் ரெண்டு உயிரும் தப்புமெண்டு மருத்துவிச்சி சொல்லிப் போட்டா. இந்த நேரத்திலயும் உங்களுக்கு மூட்டையா?"

"நிண்டு கதைக்காத. போய் அவவக் கட்டிலோட தூக்கிற்று வா. நீ வாறதுக்குள்ள நான் ஏத்திப் போடுவன்."

காத்தான்குடித் தேங்காய் வியாபாரியான பக்கீர் முதலாளியின் சிறிய லொறி, செட்டிபாளையத்துத் தென்னந்தோப்பு வாசலில் நின்றது. அதன் பின்னே கொளுவி இழுக்கும் பெட்டியில் இரட்டிப்புப் பாரம் ஏற்றுவதற்கென்று, முந்தின நாள்தான் கொல்லன் பட்டறையில் நிறுத்தி, லொறியின் பின்சில்லுகளின் மேலிருந்த வில்தகடுகளோடு இன்னும் சில தடித்த தகடுகளைச் சேர்த்துப் பூட்டுவித்திருந்தார். "இனி மலையைக் கொளுவினாலும் இந்த வில் வளையாது" என்று காலையில் அவர் அடித்த பெருமையை ஊரே கேட்டிருந்தது. பின்னேரம் ரயிலடியிலிருந்து புறப்படும் கோச்சியில் தேங்காய் கொழும்புக்குப் போயாக வேண்டும் என்பதும் ஊருக்குத் தெரியும்.

வேறு வாகனம் ஊரில் இல்லை. மாட்டுக் கரத்தையை நம்பினால் வழியிலுள்ள கல்லடிப் பாலத்தைக் காணுமுன் கதை முடிந்துவிடும்.

சீனித்தம்பி ஓடினான். கால் மண்ணிற் பாவவில்லை.

அயலவர் நால்வர் தோள்கொடுக்க, அன்னப்பூரணியைக் கட்டிலோடு சுமந்து வந்தபோது, இழுவைப் பெட்டி கழற்றப்பட்டுத் தென்னங்கிடுகு மூடியபடி ஒதுங்கிக் கிடந்தது. லொறித் தட்டிலோ வாய்கட்டிய சாக்கு மூட்டைகள் வரிசையாய் அடுக்கியிருந்தன. கூலியாட்கள் இன்னொன்றை முக்கி முனகி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி குந்தியிருந்து சில்லின் மேற்புறத்தை உற்றுப் பார்த்தார்.

"காணாது. இன்னும் ரெண்டு போடு!"

மருத்துவிச்சி ஆச்சிப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை.

"டேய் பக்கீர்! உன்னையும் ஒருத்தி நொந்துதானேடா பெத்தவள்? தேங்காயப் பெட்டியில இருந்து சாக்குக்கு மாத்தி ஏத்த உனக்கு இதுவா நேரம்?"

"ஏசுறத ஏறியிருந்து ஏசுங்க, ஆச்சி. டேய், மூட்டைக்கு மேல வைக்கோலப் பரப்பு. அதுக்கு மேல பாயப் போடு. மெல்லக் கிடத்துங்க!"

லொறி புறப்பட்டது.

மனைவியின் தலையை மடியில் ஏந்தியிருந்த சீனித்தம்பிக்கு ஒரு மைல்கட்டை தூரம் ஒரு யுகமாய்க் கழிந்தது. தெருவெங்கும் மழை அரித்த குழிகள்.

"கெதியா, காக்கா, கெதியா!"

முன்னாசனத்தில் ஓட்டிக்கொண்டிருந்த முதலாளி வேகத்தைக் கூட்டவில்லை.

காத்தான்குடிக் கடைத்தெருவில் எவனோ ஒருவன் கூவினான்: "என்ன முதலாளி, தேங்காய்க்கு மேல புள்ளத்தாச்சியா? ஒரு பயணத்தில ரெண்டு கூலியோ!"

கடை வாசல்கள் சிரித்தன. முதலாளி திரும்பியும் பார்க்கவில்லை.

'இவளுக்கு ஒண்டெண்டால், இந்த லொறிய வாவிக்குள்ள தள்ளாமல் விடமாட்டன்' என்று சீனித்தம்பி பல்லைக் கடித்தான். நாவற்குடா போயிற்று; பாலமும் போயிற்று.

ஆசுபத்திரிக் கதவு அன்னப்பூரணியை உள்வாங்கி மூடிக்கொண்டது. சீனித்தம்பி விறாந்தையில் நடந்தான், இருந்தான், மீண்டும் எழுந்து நடந்தான். எந்தத் தெய்வத்துக்கு என்ன நேர்ந்தான் என்பது அவனுக்கே நினைவில்லை.

பொழுது சாயும் வேளையில் டாக்டர் வெளியே வந்தார்.

"தாயும் சுகம், பெண் பிள்ளையும் சுகம். வழியிலே சற்றுக் குலுங்கியிருந்தாலும் இரண்டு பேரையும் இழந்திருப்பீர். எதிலே கொண்டு வந்தீர்?"

"லொறியில, ஐயா."

"லொறியிலா? குலுங்காத லொறி ஒன்று மட்டக்களப்பில் உண்டா?" என்று வியந்தபடி அவர் போய்விட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சீனித்தம்பி வாசலுக்கு வந்தான். முதலாளி இன்னும் போகவில்லை. லொறியின் மிதிபலகையில் குந்தியிருந்தார். மகிழ்ச்சியையும் மீறிக்கொண்டு மனத்தின் கசப்பு வாய்க்கு வந்தது.

"பொம்புளப் புள்ள, காக்கா. ரெண்டு பேரும் சுகம். உங்கட தேங்காயும் சுகமாக் கோச்சி ஏறிற்றா?"

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று எழுந்தார் முதலாளி. "தேங்காயா? அது செட்டிபாளையத்தில பெட்டிக்குள்ளதானே கிடக்கு. கோச்சி அப்பவே போயிற்று."

"அப்ப இது?"

சீனித்தம்பி ஒரு மூட்டையின் கட்டை அவிழ்த்தான். உள்ளே கடற்கரை மணல்.

"பாரமிழுக்கப் பூட்டின வில் தம்பி இது. வெறும் லொறியாப் போனா எருமைக் கடா மாதிரித் தூக்கி எறியும். காலையில வெறுமையா வந்த என்ட இடுப்பு இன்னும் நோகுது. பாரம் அமத்தினாத்தான் அது வளைஞ்சு குடுக்கும். தேங்காயெண்டா உருளும், மணலெண்டா அமந்து கிடக்கும்."

"அத அப்பவே சொல்லியிருக்கலாமே, காக்கா!"

"சொல்லிக் கொண்டு நிண்டா, மூட்டைய ஆர் ஏத்துறது?"

சீனித்தம்பிக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூசிற்று. தட்டிலேறி, அவிழ்த்த மூட்டையை நிலத்திற் கொட்டுவதற்குத் தூக்கினான்.

பக்கீர் முதலாளி பாய்ந்து அவன் கையைப் பிடித்தார்.

"கொட்டிப் போடாத, தம்பி! கட்டி, மதிலோரம் அடுக்கி வை. தாயும் புள்ளையும் வீட்டுக்குத் திரும்பக்குள்ள மறுகா வேணுமே!"